லிக்ஸில் எபிரேய ஆவணச் சோதனைகள் தோற்கும்போது செய்ய வேண்டியவை

லாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையைப் பயன்படுத்தும் ஆவண எழுது மென்பொருளான லிக்ஸின் ஏற்றுமதிச் சோதனைகளை (ஆவணங்கள் பிடிஎஃப் போன்ற வடிவங்களுக்குப் பிழையின்றி மாறுகின்றனவா என்று பார்ப்பவை) சிடெஸ்ட் என்னும் சோதனைக் கருவி மூலம் ஓட்டும்போது, மற்ற மொழி ஆவணங்கள் பெரும்பாலும் தேறிவிட, எபிரேய ஆவணங்கள் மட்டும் வரிசையாகத் தோற்பதைக் காணலாம். வலமிருந்து இடமாக எழுதும் முறைதான் காரணம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் ஆராய்ந்த தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்துருவே காரணமாக இருந்தது. மூல நிரலைச் சிமேக் என்னும் கட்டமைப்புக் கருவியில் கட்டமைக்கவும், ஏற்றுமதிச் சோதனைகளை இயக்கி வைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: எபிரேயத்தை மட்டும் ஓட்டுங்கள்

சிடெஸ்ட் கட்டளையில் பெரிய எழுத்து ஆர் தெரிவைக் கொடுத்து, எபிரேயத்தின் ஈரெழுத்து மொழிக் குறியை இரண்டு சாய்கோடுகளுக்கு இடையே எழுதினால் அந்தக் கோப்புறைகளின் சோதனைகள் மட்டும் ஓடும். சோதனைப் பெயரின் ஈற்றைக் கவனியுங்கள். ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கும் டெக் நிரல் எது என்பதை, அதாவது பொறியை, அது சொல்லும். பிடிஎஃப்2 என்பது பிடிஎஃப்லாடெக், பிடிஎஃப்4 என்பது ஸீடெக், பிடிஎஃப்5 என்பது லுவாடெக். அதற்குப் பின் டெக்எஃப் என்று வந்தால் டெக்கின் பழைய வகை எழுத்துருக்கள். சிஸ்டம்எஃப் என்று வந்தால் கணினியில் நிறுவியுள்ள எழுத்துருக்கள். தோல்விகளை இந்த ஈறுகளின்படி பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 2: பதிவுக் கோப்பைப் படியுங்கள்

சோதனையின் சுருக்க முடிவை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம். ஆவணத்தை லாடெக் கோப்பாக ஏற்றுமதி செய்து, உரிய பொறியை முனையத்தில் நீங்களே ஓட்டுவதையே நான் விரும்புகிறேன். வரைகலைச் சாளரத்தில் பிழை துண்டுதுண்டாகத்தான் தெரியும்.

படி 3: எழுத்துருவைச் சரிபாருங்கள்

அதிக நேரத்தை விழுங்குவது இந்தப் படிதான். லாடெக்கில் பல மொழிகளைக் கையாளும் தொகுப்பான பாபெலின் பழைய எபிரேயப் பாணி, பிடிஎஃப்லாடெக் போன்ற எட்டு பிட் பொறிகளுக்காக எழுதப்பட்டது. அது எல்எச்இ என்னும் குறியாக்கத்தில் ஜெரஸ்10 என்ற எழுத்துருவைத் தேடும். அதன் அளவைக் கோப்பு (எழுத்துகளின் அளவுகளைச் சொல்லும் டிஎஃப்எம் கோப்பு) கிடைக்கவில்லை என்ற வரி பதிவில் இருந்தால், பாபெலின் பதிப்பையோ எழுத்தின் திசையையோ ஆராய்வதில் பயனில்லை. டெக் கோப்புகளைத் தேடும் கேபிஎஸ்இவிச் கட்டளையிடம் அந்தக் கோப்பின் பெயரை டிஎஃப்எம் பின்னொட்டுடன் கொடுங்கள். பதில் வெறுமையாக வந்தால் கோப்பு நிறுவப்படவே இல்லை என்று பொருள். அதே பாபெல் பாணியை ஸீடெக்கிலும் லுவாடெக்கிலும் டெக் எழுத்துருக்களோடு ஓட்டும் சோதனைகள் தோற்பது இயல்பே. அவற்றைத் திருத்த முயல வேண்டாம்.

கணினி எழுத்துருக்களோடு ஓடும் ஸீடெக் சோதனையில், பாபெலுக்குப் பதிலாகப் பாலிகிளாசியா என்னும் மொழித் தொகுப்பு வேலை செய்கிறது. இயல்பாக வரும் லத்தீன் மாடர்ன் எழுத்துருவில் எபிரேய எழுத்துகளே இல்லாததால், எபிரேயத்துக்கென ஓர் எழுத்துருவை வரையறுக்கும்படி அது பிழை காட்டி நிற்கும். குல்மஸ் என்னும் எபிரேய எழுத்துருத் தொகுப்பை நிறுவி, ஆவண அமைப்பில் டேவிட் சிஎல்எம் அல்லது ஃபிராங்க் ரூல் சிஎல்எம் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். நூல் உரைக்கு நான் ஃபிராங்க் ரூலையே சொல்வேன். ரஃபாயேல் ஃபிராங்க் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த அந்த எழுத்து, எபிரேய அச்சு நூல்களைப் படிப்போர் கண்ணுக்கு நன்கு பழகியது.

ஸீடெக்கிலேயே வேறொரு பிழையும் வரக்கூடும். ஏதோ ஒரு தொகுப்பை, இருதிசை எழுத்தைக் கையாளும் பைடி தொகுப்புக்குப் பின்னால் ஏற்றிவிட்டீர்கள் என்று அது முறையிட்டால், முகப்புரையில் (லாடெக் ஆவணத்தின் தொடக்க அமைப்புப் பகுதியில்) அந்தத் தொகுப்பை முன்னால் நகர்த்துங்கள். அதற்கு எழுத்துருவோடு தொடர்பில்லை.

தோற்காத சோதனையும் ஏமாற்றக்கூடும். பொறியைக் கையால் ஓட்டும்போது, எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு அது வேலையை முடித்துவிடும். பக்கமோ வெறுமையாக இருக்கும். டெக் லைவ் என்னும் டெக் மென்பொருள் தொகுப்பின் 2021 வெளியீடு முதல், டிரேசிங்லாஸ்ட்சார்ஸ் என்ற அளவுருவை 3 ஆக வைத்தால் இந்த எச்சரிக்கை பிழையாக மாறும். எபிரேயத்தைச் சோதிக்கும்போது இதை எப்போதும் வைத்துக்கொள்கிறேன்.

படி 4: எஞ்சியவற்றை வகைப்படுத்துங்கள்

டெவலப்மென்ட் கோப்புறைக்குள் உள்ள ஆட்டோடெஸ்ட்ஸில் இதற்கான கோப்புகள் இருக்கின்றன. தோற்க வேண்டியதென்று அறிந்த சோதனை இன்வெர்ட்டட்டெஸ்ட்ஸ் கோப்பில் இடம்பெற வேண்டும். டெக் லைவில் இல்லாத எழுத்துருவைச் சார்ந்தது என்றால் அன்ரிலையபிள்டெஸ்ட்ஸ் கோப்பில், தரத்துக்கு அப்பாற்பட்டவை என்ற துணைப்பிரிவுக்குப் போக வேண்டும். தேறினாலும் தவறான வெளியீடு தருபவற்றுக்கும் அதே கோப்பில் தனிப் பிரிவு உண்டு. ஒவ்வொரு வரிக்கும் மேலே காரணத்தைக் குறிப்பாக எழுதுங்கள். காரணமில்லாத வரியை அடுத்தவர் நீக்கவும் துணிய மாட்டார், நம்பவும் மாட்டார். இந்தக் கோப்புகளில் எழுதும் பெயர் வடிவங்கள் கட்டமைப்பின்போதுதான் படிக்கப்படுகின்றன. ஆகவே மாற்றிய பிறகு சிமேக்கை மறுபடி ஓட்டாமல் எதுவும் நடக்காது.

பின்சேர்க்கை: தொகுப்புகளை நிறுவிய பிறகும் சோதனை தோற்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சோதனைகள் உங்கள் வழக்கமான லிக்ஸ் பயனர் கோப்புறையைப் பயன்படுத்துவதில்லை. கட்டமைப்புக் கோப்புறைக்குள் தமக்கென ஒன்றை வைத்துக்கொள்கின்றன. லிக்ஸை யூசர்டிர் தெரிவுடன் அந்தக் கோப்புறையைச் சுட்டித் திறந்து, கருவிகள் பட்டியலில் மறுகட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தால் புதிய தொகுப்புகள் அதற்கும் தெரியவரும்.