பழைய அரத்திலிருந்து ஒரு சமையற்கத்தி

வீட்டில் பொழுதுபோக்காகக் கத்தி செய்ய விரும்புபவருக்குத் தேய்ந்த தட்டை அரமே ஏற்ற பொருள். நல்ல அரத்தின் உருக்கில் கரியின் அளவு 1 சதவீதத்தை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும். கூர் நிலைக்க அது போதும். லொறியின் வில்லுத்தகடு காட்டுக்கத்திக்குச் சிறந்ததெனினும், அதன் தடிப்பைக் கையால் அராவிக் குறைப்பது வீண் வேலை. வன்னியில் காட்டோரங்களிலும் கைவிடப்பட்ட காணிகளிலும் கிடக்கும் இரும்பை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. போர் 2009 இல் முடிந்தபோதும் வெடிக்காத வெடிபொருட்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. துருவேறியபின் அவற்றை அடையாளம் காண்பது எளிதன்று. கொல்லர் பட்டடையில் ஒதுக்கிய அரத்தைக் கேட்டு வாங்குவதே நல்லது.

அரம் உள்ளபடியே மிகவும் வன்மையானது. அதன்மேல் இன்னோர் அரம் வழுக்கும். ஆகவே துருத்தி ஊதிய சிரட்டைக்கரித் தணலில் அதைச் செந்நிறமாகக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் உமிச் சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள் காலைவரை ஆற விட வேண்டும். நெல் விளையும் ஊரில் உமிச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை.

பின்னர் வடிவத்தை வரைந்து, இரும்பறுக்கும் வாளால் அறுத்து, இருபுறப் பற்களையும் அடியோடு அராவி நீக்க வேண்டும். எஞ்சும் ஒவ்வொரு பள்ளமும் தோய்ச்சலின்போது, அதாவது காய்ச்சிய அலகை எண்ணெயில் அமிழ்த்தி வன்மையாக்கும்போது, வெடிப்புத் தொடங்கும் இடமாகலாம். வாயை இப்போதே கூராக்காமல் 1 மில்லிமீற்றர் தடிப்பில் நிறுத்துக. பிடிக்கான துளைகளையும் இந்நிலையிலேயே இட்டுவிட வேண்டும்.

தோய்ச்சல்தான் கத்தியின் உயிர். அலகைச் சீராகக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே கடந்ததும், இளஞ்சூடாக்கிய தேங்காய் எண்ணெயில் நுனி முதலாக நேராக இறக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் அலகு வளையும். எண்ணெய் தீப்பற்றக்கூடுமாதலால் தகரப் பாத்திரமும் அதற்குப் பொருந்தும் மூடியும் கட்டாயம் வேண்டும்; வேலையை ஓலைக்கூரைக்கு அப்பால், வெளியில் செய்க. தோய்த்த அலகு கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும் என்பதால், அன்றே அதைப் பதப்படுத்த, அதாவது மிதமாகச் சூடாக்கி அந்நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். கறுப்பைத் தேய்த்து உலோகத்தை மினுக்கி, காய்ந்த தடித்த இரும்பின்மேல் முதுகுப்புறத்தை வைத்தால், நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி மெல்ல நகரும். வாயில் வெளிர் வைக்கோல் நிறம், அதாவது ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ், தோன்றியவுடன் தண்ணீரில் அமிழ்த்துக. நீலம் வாய்வரை வந்துவிட்டால் கூர் நிற்காது. மீண்டும் காய்ச்சித் தோய்ப்பதைத் தவிர வழியில்லை. மின்சாரக் கிரைண்டரில் பொறுமையின்றித் தீட்டுவோர் இப்பதத்தையே கெடுக்கிறார்கள்.

பிடிக்குத் தச்சுப்பட்டறையில் எஞ்சும் முதிரை அல்லது பாலைத் துண்டு போதும். ஆனால் மாரியில் ஈரத்துடன் பொருத்திய பலகை கோடையில் சுருங்கி இடைவெளி விடும், எனவே நன்கு காய்ந்ததையே எடுத்து, பித்தளை ஆணியால் அறைந்து பசையிடுக.

சாணைக்கல்லில் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சரிவில், நீர் விட்டுத் தீட்ட வேண்டும். இவ்வுருக்கு துருவேறும், புளியோ தேசிக்காயோ வெட்டிய கையோடு கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.