வார்சா மேடையில் எங்கே சறுக்குகிறார்கள்?

போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் பெயரில், அந்நாட்டுத் தலைநகர் வார்சாவில் பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பியானோ போட்டி 1927இல் தொடங்கியது. 16 வயதிலிருந்து 30 வயது வரை உள்ளவர்களுக்கானது. முதல் சுற்றிலிருந்து கடைசி வரை ஷோபான் எழுதியதைத் தவிர வேறு எதையும் வாசிக்க முடியாது. 2025இல் 600க்கும் அதிகமானவர்கள் விண்ணப்பித்தார்கள். இரண்டாம் சுற்றுக்குப் போனவர்கள் 40 பேர், மூன்றாவதுக்கு 20, இறுதிக்கு 11. விண்ணப்பத்தோடு அனுப்பும் வீடியோ ஒரு சல்லடை, நேரில் நடக்கும் தகுதிச் சுற்று இன்னொரு சல்லடை. இவற்றைத் தாண்டி வருகிறவர்களில் விரல் ஓடாதவர் யாரும் இருக்க மாட்டார். அப்புறமும் பாதிப் பாதியாகக் கழிகிறார்கள் என்றால், கோளாறு விரலில் இல்லை.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, மசூர்க்கா என்ற நடன இசையைச் சின்ன உருப்படி என்று நினைப்பதுதான். தாளில் பார்த்தால் எளிதாகத்தான் இருக்கும். அதனால் வருடக்கணக்கில் விரல் வித்தை கேட்கும் எட்யூடுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மசூர்க்காவைக் கடைசியில் கையில் எடுக்கிறார்கள். மூன்றாம் சுற்றில் ஒரு தொகுப்பை முழுதாக வாசித்தாக வேண்டும்; அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். மசூர்க்கா போலந்தின் நாட்டுப்புற நடனம், மூன்று எண்ணிக்கை. நம் 'தகிட' போலத்தான், ஆனால் அழுத்தம் 'த'வில் விழாமல் பெரும்பாலும் 'கி'யிலோ 'ட'விலோ விழும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். ஒவ்வொரு தடவையும் 'த'வில் ஊன்றினால் வால்ட்ஸ் என்ற வேறு நடனம் ஆகிவிடும். ஷோபானே வாசிக்கக் கேட்ட சார்ல்ஸ் ஹாலே என்ற பியானோ கலைஞர், மூன்று எண்ணிக்கை நான்காகக் கேட்கிறதே என்றிருக்கிறார். ஷோபான் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாலே சத்தமாக எண்ணிக் காட்டியதும் சிரித்துவிட்டு, அந்த நடனத்தின் குணமே அப்படித்தான் என்றாராம். மூன்றை நான்காகக் கேட்கவைக்கும் இந்த நீட்டலை இசைக் குறிப்பில் எழுத முடியாது. ஆடுகிறவர்களைப் பார்த்தும் கேட்டும் ஊறவேண்டிய விஷயம். மசூர்க்காவுக்கென்றே போலந்து வானொலி தனிப் பரிசு கொடுக்கிறது. 1955இல் அதை வாங்கியவர் சீனாவிலிருந்து வந்த ஃபூ த்சொங். ஆகவே போலந்துக்காரர்களுக்குத்தான் அது வரும் என்ற சாக்கும் செல்லாது.

இதற்கு அடுத்த வீட்டுத் தவறு ஒன்று உண்டு: ரூபாட்டோ, அதாவது காலத்தை நெகிழ்த்தி வாசிப்பது, என்ற பெயரில் அதைக் கண்டபடி இழுப்பது. இடது கை இசைக்குழு நடத்துநர் மாதிரி நிலையாக நிற்க வேண்டும், வலது கை அதன்மேல் முந்தலாம் பிந்தலாம் என்று ஷோபான் சொல்லிக்கொடுத்ததை அவருடைய மாணவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொடையில் தாளம் பிசகாமல் போக, பாட்டு அதற்கு முன்னும் பின்னும் நழுவி விளையாடுவதைக் கச்சேரியில் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு கையும் சேர்ந்து தள்ளாடினால் அது உணர்ச்சி இல்லை, தள்ளாட்டம்.

ஜெயித்தவரின் பதிவைக் கேட்டு அப்படியே நகலெடுப்பதும் நடக்கிறது. நடுவர்களுக்கு அந்தப் பதிவு மனப்பாடம். வேறென்ன சொல்ல?

இறுதிச் சுற்றில் ஷோபானின் இரண்டு கான்செர்ட்டோக்களில் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட உருப்படிகள்) ஒன்றை வார்சா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வாசிக்க வேண்டும். வழக்கமாக ஜெயிப்பது முதலாவது என்று பேச்சு. 2000இல் யுண்டி லீ, 2005இல் பிளெஹாச், 2015இல் சொங்-ஜின் சோ, 2021இல் புரூஸ் லியு எல்லாரும் அதைத்தான் வாசித்தார்கள். இதைப் பார்த்து, தனக்குப் பொருந்துகிறதா என்று யோசிக்காமல் அதையே எடுப்பவர்கள் உண்டு. ஆனால் 1980இல் வியட்நாமின் டாங் தாய் சொன் இரண்டாவதை வாசித்து முதல் பரிசு வாங்கினார். 2025இல் அவருடைய மாணவர் எரிக் லூவும் அதையே வாசித்து ஜெயித்தார். (எண்தான் இரண்டு, எழுதப்பட்டது அதுதான் முதலில்.) எதை எடுத்தாலும், பயிற்சி முழுக்க இன்னொரு பியானோவின் துணையோடு மட்டும் நடந்திருந்தால், இசைக்குழுவோடு உட்காரும் அன்று திணறத்தான் வேண்டும். இரண்டாவது கான்செர்ட்டோவின் நடுப் பாகத்தில் வயலின்கள் நடுங்கிக்கொண்டிருக்க, பியானோ பேசுகிற மாதிரி ஒரு பகுதி வரும். அந்த இடத்தில் நடத்துநர் உங்கள் மூச்சைப் பார்த்துத்தான் கை அசைக்க வேண்டும்.

பியானோத் தேர்வையும் சிலர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். மேடையில் பல கம்பெனிகளின் பியானோக்கள் இருக்கும். தொட்டுப் பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். வேகமான பகுதிகளை மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நாக்டர்ன் என்ற இரவு இசை உருப்படியிலிருந்து மெதுவான, சன்னமான ஒரு வரியை வாசித்தால்தான் அதன் குரல் தெரியும். பெயரைப் பார்த்து முடிவு செய்யவும் அவசியமில்லை. 2010இல் அவ்தேயெவா யமஹாவில் வாசித்து ஜெயித்தார், 2021இல் புரூஸ் லியு ஃபாட்சியோலியில்.

விதிமுறைகளைப் படிப்பது சலிப்புதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியுங்கள், ஏனென்றால் அவை மாறும். 2025இல் இறுதிச் சுற்றுக்குக் கான்செர்ட்டோவோடு பொலோனேஸ்-ஃபான்டசி என்ற தனிப் பியானோ உருப்படியையும் சேர்த்தார்கள். பழைய கணக்கில் தயாராகிறவருக்கு அது சும்மா ஒரு கூடுதல் உருப்படி இல்லை.

கடைசியாக, பெற்றோரும் ஆசிரியர்களும் செய்வது: முடிவைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. 1980இல் இவோ பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை என்றதும், அவரை மேதை என்று சொல்லிவிட்டு பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் நடுவர் பொறுப்பிலிருந்தே விலகினார். பொகொரெலிச் பெரிய கலைஞராகவே வலம் வந்தார். 1990இலும் 1995இலும் முதல் பரிசு யாருக்குமே கொடுக்கப்படவில்லை. எரிக் லூ 17 வயதில், 2015இல், நான்காம் பரிசோடு ஊர் திரும்பியவர். நடுவில் இங்கிலாந்தின் லீட்ஸ் பியானோ போட்டியில் ஜெயித்தார். ஆனாலும் பத்து வருடம் கழித்து அதே வார்சா மேடைக்கு மறுபடி வந்தார்.