ஆஃபர் அட்டையைப் படிப்பது எப்படி? மளிகைச் செலவைக் குறைக்க ஒரு செய்முறை

சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் அட்டை தொங்குகிற பொருளெல்லாம் மலிவு இல்லை. சிலது நிஜமான தள்ளுபடி, சிலது வெறும் கலர் காகிதம். எது எதுவென்று பிரித்துப் பார்க்கக் கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

படி 1: முதலில் வீட்டு அலமாரி

கிளம்பும் முன் எது தீரப்போகிறது என்று பார்த்துப் பட்டியல் எழுதுங்கள். ஆஃபர் நோட்டீஸை அதற்குப் பிறகு கையில் எடுங்கள். வரிசை மாறினால், நோட்டீஸில் இருப்பதெல்லாம் பட்டியலில் ஏறிவிடும்.

படி 2: வழக்கமான விலையைக் குறித்து வையுங்கள்

அடிக்கடி வாங்கும் பத்துப் பன்னிரண்டு பொருள்கள் போதும். பழைய பில்களிலிருந்தே எடுக்கலாம். அட்டையில் அடித்துக் காட்டியிருக்கும் 'பழைய விலை' நிஜமா என்று இந்தக் குறிப்புதான் சொல்லும்.

படி 3: எல்லா ஆஃபரையும் சதவீதமாக மாற்றுங்கள்

மொத்த வித்தையும் இங்கேதான் இருக்கிறது.

- ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்: 50% தள்ளுபடி.
- இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்: சுமார் 33%.
- இரண்டாவது பாக்கெட் பாதி விலை: மொத்தத்தில் 25% மட்டுமே.
- 20% கூடுதல்: 500 கிராம் விலைக்கு 600 கிராம். கணக்குப் போட்டால் சுமார் 16.7% தள்ளுபடிதான்.
- 10 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 10%: 100 முதலில் 90 ஆகும், பிறகு 81 ஆகும். ஆக, 19%.

'இலவசம்' என்ற சொல்லைப் பெரிதாகவும் 'இரண்டு வாங்கினால்' என்பதைப் பொடி எழுத்திலும் போடுவது சும்மா இல்லை! உங்களுக்கு ஒன்றுதான் தேவை என்றால், 33% தள்ளுபடிக்காக இரண்டு மடங்கு பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

படி 4: கிராம் கணக்கில் ஒப்பிடுங்கள்

விலையை எடையால் வகுத்து, 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பல கடைகளில் விலைச் சீட்டின் ஓரத்தில் இதைப் பொடியாக அச்சடித்திருப்பார்கள். பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்று நம்ப வேண்டாம். சின்னதற்கு ஆஃபர் போட்டிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பாக்கெட் அதே அளவில் தெரிந்தாலும் எடை குறைந்திருக்கலாம், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

படி 5: எவ்வளவு வாங்கலாம்?

சோப்பு, சலவைத்தூள், டூத் பேஸ்ட் போன்றவற்றை நல்ல ஆஃபரில் தாராளமாக வாங்கி வைக்கலாம். கெட்டுப்போகிற பொருளுக்குத் தேதிதான் எல்லை. தேதி நெருங்கியதால் விலை குறைத்த பாக்கெட்டை எடுப்பதில் தவறில்லை, அன்றோ மறுநாளோ சமைப்பதாக இருந்தால். குப்பைக்குப் போனால் பாதி விலையும் நஷ்டம்தான்.

'இவ்வளவுக்கு மேல் வாங்கினால் தள்ளுபடி' என்ற ஆஃபரில் கொஞ்சம் குறைகிறதா? அடுத்த மாதம் எப்படியும் தேவைப்படும் சோப்பால் நிரப்புங்கள். நிறையக் குறைந்தால் விட்டுவிடுங்கள்.

படி 6: பில்லைச் சரிபாருங்கள்

அட்டையில் உள்ள ஆஃபர் பில்லில் ஏறாமல் போவது உண்டு. குறிப்பிட்ட அளவு, குறிப்பிட்ட வாசனைக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கலாம், ஆஃபர் முந்தின நாளே முடிந்தும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பொருளை எடுக்கும்போதே அட்டையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கவுன்டரை விட்டு நகரும் முன் அந்த வரியை மட்டும் தேடிப் பாருங்கள். குறையவில்லை என்றால், படத்தைக் காட்டி அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.