சீனப் பயணத்தில் அலிபே: வெளிநாட்டுக் கார்டை வைத்துக்கொண்டு பணம் செலுத்துவது எப்படி?

சீன நகரங்களின் கடைவீதிகளில் பணத்தாளை எடுத்து நீட்டுபவரை இப்போது அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. குவாங்சோவின் தெருமுனையில் அவித்த சோளம் விற்பவரும், ஈவூ மொத்தச் சந்தையில் பொத்தான் விற்பவரும், பெய்ஜிங்கின் பெரிய அங்காடிக்காரரும் எதிர்பார்ப்பது அலிபே அல்லது வீசாட் பே என்ற கைப்பேசிக் கட்டணச் செயலிகள் வழியாக வரும் பணத்தைத்தான். வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை நேரடியாகத் தேய்க்கும் கருவி, பெரிய ஹோட்டல்களையும் விமான நிலையங்களையும் சில பெரிய கடைகளையும் தாண்டி இருக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது. சீன வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு இது நெடுங்காலம் பெரிய தொல்லையாக இருந்தது. 2023 ஜூலையில் இரண்டு நிறுவனங்களும் வெளிநாட்டுக் கார்டுகளைத் தங்கள் செயலிகளோடு நேரடியாக இணைக்கும் வசதியைப் பரவலாகத் திறந்துவிட்ட பிறகு நிலைமை மாறியது. குவாங்சோவின் கான்டன் வர்த்தகக் கண்காட்சிக்குப் போகும் திருப்பூர் வியாபாரியும், அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இன்று சீனக் கணக்கு இல்லாமலே சமாளித்துவிடலாம்; ஆனால் அதற்கான வேலையில் பெரும்பகுதியை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

யூபிஐ பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. யூபிஐயில் நம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கடைக்காரரின் கணக்குக்குப் பணம் போய்விடுகிறது. வெளிநாட்டுக் கார்டு இணைத்த அலிபேயிலோ உங்கள் பணம் எதுவும் இருப்பில் கிடையாது. ஒவ்வொரு முறையும் செயலி உங்கள் கார்டிடம் கேட்கிறது, அந்தக் கேள்வி உங்கள் ஊர் வங்கிக்குப் போகிறது, வங்கி சம்மதித்தால்தான் கடைக்காரருக்குப் பணம் சேரும். ஆகவே பணம் போகாமல் நின்றால் காரணம் செயலியாகவும் இருக்கலாம், கடைக்காரர் வைத்திருக்கும் குறியீட்டின் வகையாகவும் இருக்கலாம், உங்கள் வங்கியாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கடை வாசலில் திகைத்து நிற்க மாட்டார்.

புறப்படுவதற்கு முன்

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அலிபேதான் முதன்மையான வழி. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று என்பதால், அதை இங்கிருந்தே ஆயத்தம் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம். 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 118 செயலிகளின் பட்டியலில் அலிபேயின் பெயரும் இருந்தது; ஆகவே அது உங்களுக்குக் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தத் தடைகள் இல்லை. அவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். வீசாட்டில் புதிய கணக்கு தொடங்கும்போது, ஏற்கெனவே அதைப் பயன்படுத்திவரும் ஒருவர் தன் கைப்பேசியால் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று சில சமயம் கேட்கும். அப்படி ஒரு நண்பர் இருக்கிறாரா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் டச் என் கோ, சிங்கப்பூரின் சாங்கி பே, ஓசிபிசி வங்கிச் செயலி போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. அலிபே பிளஸ் ஏற்பாட்டின் வழியாக அந்தச் செயலிகளையே சீனக் கடைகளில் பயன்படுத்த முடியும்.

செயலியை ஊரிலேயே தரவிறக்கிக்கொள்ள வேண்டும். சீன இணைய இணைப்பில் கூகுள் பிளே ஸ்டோர் திறக்காது. போய் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஆண்ட்ராய்டு பயனாளர் அங்கே மாட்டிக்கொள்வார். பதிவுக்கு உங்கள் சொந்த எண்ணே போதும். நாட்டுக் குறியீட்டை +91, +94 என்று மாற்றிக்கொண்டு, வரும் ஓடிபியை உள்ளிட்டால் கணக்கு திறந்துவிடும். பிறகு பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்து, முகத்தையும் காட்டி, அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். இந்தச் சரிபார்ப்பு சிலருக்கு உடனே முடியும், சிலருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு வாரமாவது முன்னதாகத் தொடங்குவது நல்லது.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அல்லது தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து அங்கே உட்கார்ந்திருக்கும். வங்கிக் கார்டிலோ ஒற்றைத் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும் இருக்கும். செயலியில் அடையாளம் கேட்கும் இடத்தில் பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அப்படியே இடவேண்டும். கார்டு விவரம் கேட்கும் இடத்தில் கார்டின் மேல் அச்சிட்டிருப்பதை அப்படியே இடவேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறேன் என்று நாமாகப் பெயரைத் திருத்தினால் சரிபார்ப்பு தள்ளுபடியாவதற்கே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கார்டு. விசா, மாஸ்டர்கார்டு, ஜேசிபி, டைனர்ஸ் கிளப், டிஸ்கவர் ஆகியவற்றை அலிபே ஏற்கிறது. இந்தியாவின் ரூபே அந்தப் பட்டியலில் இல்லை. டெபிட் கார்டைவிடக் கிரெடிட் கார்டே பாதுகாப்பு என்பது என் கருத்து. தவறுதலாக ஒரு தொகை போய்விட்டால், வங்கியோடு வாதாடிக்கொண்டிருக்கும் காலத்தில் நம் சேமிப்புக் கணக்கு காலியாகி நிற்காது. முடிந்தால் இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டுகளை இணைத்துக்கொள்ளுங்கள். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளால் பெரிய பயனில்லை. வங்கி சந்தேகப்பட்டு நிறுத்தினால் இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடக்கூடும்.

இந்தியக் கார்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு உத்தரவுப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளில் உள்ள கருவிகளிலும் மட்டுமே இயங்கும் நிலையில் கைக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையவழிப் பயன்பாட்டையும் நாமேதான் வங்கிச் செயலிக்குள் போய்த் திறந்துவிட வேண்டும். பலர் ‘வெளிநாடு’ என்ற பொத்தானைப் பார்த்ததும் கடைக் கருவிக்கான அனுமதியை மட்டும் தட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அலிபே வழியாகப் போகும் பணம், நீங்கள் கடைக்குள்ளேயே நின்றாலும், வங்கியின் கண்ணுக்கு இணையவழிப் பரிமாற்றம்தான். ஆகவே வெளிநாட்டு இணையவழிப் பரிமாற்றம் என்ற பிரிவைத் திறந்து, அதற்கான உச்சவரம்பையும் உயர்த்தி வைக்க வேண்டும். பயணத் தேதிகளை வங்கிக்குத் தெரிவிக்கும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள்.

கடைசியாக, ஆறு இலக்கக் கட்டணக் கடவுச்சொல் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த தேதி வேண்டாம். அது பாஸ்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கிறது.

இணையமும் ஓடிபியும்

இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். அந்த சிம்மின் ரோமிங் டேட்டா நம் ஊர் நிறுவனத்தின் வழியாகச் சுற்றிவருவதால் வாட்ஸ்அப், ஜிமெயில் போன்றவை பொதுவாக அதில் இயங்கும். ஹோட்டல் வைஃபையிலும் உள்ளூர் சிம்மிலும் இயங்காது. வங்கி ஓடிபியை மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பும் ஏற்பாடு இருந்து, அது ஜிமெயிலாகவும் இருந்து, நீங்கள் ஹோட்டல் வைஃபையில் இருந்தால், எண் வந்தும் பார்க்க முடியாது. ரோமிங் கட்டணம் அதிகமாகத் தோன்றினால் டேட்டாவுக்குத் தனியாக ஒரு பயண இ-சிம் வாங்கிக்கொண்டு, ஊர் சிம்மைக் குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடையில்

பணம் செலுத்த இரண்டு முறைகள் உண்டு. பெரிய கடைகளில் நீங்கள் செயலியில் உங்கள் கட்டணக் குறியீட்டைத் திறந்து காட்டுவீர்கள், காசாளர் தன் கருவியால் அதைப் படித்துக்கொள்வார். தொகையை அவரே இட்டுவிடுவார். சிறு கடைகளில் மேசைமேல் ஒட்டிய அட்டையை நீங்கள் ஸ்கேன் செய்து, தொகையை நீங்களே தட்டி, கடவுச்சொல்லை இட வேண்டும். நீல நிற அட்டை அலிபேயுடையது, பச்சை வீசாட்டுடையது. பல கடைகளில் இரண்டும் அருகருகே இருக்கும். அலிபேயைச் சீனர்கள் ‘ஜிஃபூபாவ்’ என்றும் வீசாட்டை ‘வெய்ஷின்’ என்றும் சொல்வார்கள். ஜிஃபூபாவ் என்று சொல்லிக் கைப்பேசியைக் காட்டினால், அட்டையை உங்கள் பக்கம் தள்ளுவதா கருவியைக் கையில் எடுப்பதா என்று கடைக்காரரே முடிவு செய்துகொள்வார். பணம் சேர்ந்ததும் கடையிலுள்ள சிறு ஒலிப்பெட்டி தொகையை உரக்கச் சொல்லும், நம்மூர் டீக்கடைப் பெட்டியைப் போலவே. அது பேசும்வரை கடைக்காரர் பையை உங்கள் கையில் கொடுக்காமல் இருந்தால் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஸ்கேன் செய்ததும் திரையில் பெறுநரின் பெயர் வரும். தொகையைத் தட்டுவதற்கு முன் அது கடையின் பெயர்போலத் தெரிகிறதா, தனிநபர் பெயர்போலத் தெரிகிறதா என்று பாருங்கள். சீன எழுத்து தெரியாவிட்டாலும் இரண்டு மூன்று எழுத்தோடு முடிந்தால் பெரும்பாலும் ஆள் பெயர்தான். இது வெறும் ஏமாற்றுத் தடுப்புக்காக மட்டுமல்ல. வெளிநாட்டுக் கார்டை வைத்துத் தனிநபருக்குப் பணம் அனுப்ப முடியாது. சந்தையில் கீரை விற்கும் பாட்டி தன் சொந்தக் கணக்கின் குறியீட்டை ஒட்டிவைத்திருந்தால், உங்கள் கார்டில் எவ்வளவு வரம்பு இருந்தாலும் அந்தப் பரிமாற்றம் நடக்காது. வங்கியைத் திட்டிப் பயனில்லை. வேறு குறியீடு இருக்கிறதா என்று சைகையில் கேளுங்கள், இல்லையென்றால் ரொக்கம்தான்.

உங்கள் கட்டணக் குறியீடு சிறிது நேரத்துக்கொருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. வரிசையில் நிற்கும்போது பின்னால் இருப்பவருக்குத் தெரியும்படி முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது.

உணவகங்களில் மேசையில் ஒட்டிய குறியீட்டை ஸ்கேன் செய்தால் பட்டியலே திறக்கும். அங்கேயே தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டிவிடலாம். ஆனால் பல உணவகங்கள் அதை வீசாட்டுக்குள் மட்டுமே வைத்திருப்பதால், அலிபே மட்டும் உள்ளவர் பணியாளரை அழைத்துப் படம் போட்ட பட்டியலைக் கேட்க வேண்டியிருக்கும். டாக்சிக்கு அலிபேக்குள்ளேயே தீதி சேவை இருக்கிறது. ஓட்டுநரோடு பேசும் செய்திகளை அதுவே மொழிபெயர்த்துவிடும். மெட்ரோவுக்குச் செயலியில் போக்குவரத்துப் பகுதிக்குப் போய் ஊரைத் தேர்ந்தெடுத்தால் அந்த நகரத்துக்கான குறியீடு கிடைக்கும். உள்ளே போகக் காட்டியதையே வெளியே வரவும் காட்ட வேண்டும் என்பதால் நடுவழியில் கைப்பேசி அணைந்துவிடக் கூடாது. பெய்ஜிங் மெட்ரோவில் 2024 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளையே வாயிலில் நேரடியாகத் தட்டிப் போகலாம்.

எவ்வளவு கூடுதலாகப் போகிறது?

200 யுவான் வரை செயலி கட்டணம் எதுவும் பிடிப்பதில்லை. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 3 சதவீதம் போடுகிறது. இதற்குமேல் உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். இந்திய வங்கிகள் பலவற்றில் அது 3.5 சதவீதம் வரை இருக்கும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,000 யுவானுக்குச் செயலியின் கட்டணம் சேர்ந்து 1,030, அதன்மேல் வங்கி 4.13 சதவீதம் வாங்கினால் ஏறக்குறைய 1,072 யுவானுக்கான ரூபாய் உங்கள் கணக்கில் ஏறும். செலாவணிக் கட்டணம் குறைந்த கார்டு ஒன்று இருந்தால் அதையே முதல் கார்டாக வைத்துக்கொள்வது இதனால்தான்.

380 யுவான் பில்லை 190, 190 என்று இரண்டு முறையாக வாங்கிக்கொள்ளச் சொன்னால் 11.40 யுவான் மிச்சமாகும். பயணிகள் இதைச் செய்வதுண்டு, கூட்டமில்லாத கடையில் மறுக்கவும் மாட்டார்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கும் வரிசையில் இதைக் கேட்பது சரியல்ல. ஒரே பரிமாற்றத்தின் உச்சவரம்பு 2024-இல் 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராகவும், ஆண்டு வரம்பு 10,000 டாலரிலிருந்து 50,000 டாலராகவும் உயர்த்தப்பட்டன. சாதாரணப் பயணிக்கு இவை தாராளம். சரக்குக்கு முன்பணம் கட்டும் வியாபாரி இதை நம்பாமல் வங்கி வழியாகவே அனுப்பிக்கொள்ள வேண்டும்.

பணம் போகாதபோது

முதல் சோதனையை விமான நிலையத்திலேயே செய்துவிடுங்கள். ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்கிப் பார்த்தால் போதும். அங்கே ஏடிஎம்மும் வங்கி முகப்பும் பக்கத்திலேயே இருக்கும். போகவில்லை என்றால், வங்கியிடமிருந்து மறுப்புக் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் தடை வங்கியில். அனுமதிப் பொத்தானையும் வரம்பையும் சரிபார்க்க வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் கேள்வி வங்கிவரை போய்ச் சேரவில்லை என்று பொருள். கடையின் குறியீட்டையோ செயலியின் அடையாளச் சரிபார்ப்பையோ பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப அதே கார்டைத் தட்டிக்கொண்டிருந்தால் வங்கி அதை முழுதாகவே முடக்கிவிடக்கூடும். இரண்டாவது கார்டுக்கு மாறுங்கள்.

சில நூறு யுவான் ரொக்கம் எப்போதும் பையில் இருக்கட்டும், அதுவும் சில்லறைத் தாள்களாக. யுவான் ரொக்கத்தை வாங்க மறுப்பது சீனாவில் சட்டவிரோதம். ஆனால் நூறு யுவான் தாளுக்கு மீதி கொடுக்கக் கல்லாவில் சில்லறை இல்லாத கடைக்காரரிடம் சட்டம் பேசி என்ன பயன்?

பவர் பேங்க் கட்டாயம் வேண்டும். தெருவுக்குத் தெரு வாடகைப் பவர் பேங்க் இருக்கிறது, ஆனால் அதை எடுக்கவும் கைப்பேசியால்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்! ஊரிலிருந்து கொண்டுபோவதில் ‘3சி’ என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லையென்றால், 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் அதை ஏற்ற விடுவதில்லை. ரயிலிலேயே சுற்றுகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குக் கார்டு அறிக்கையைச் செயலியின் பரிமாற்றப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தான டாக்சிக்கும் திருப்பித் தர வேண்டிய வைப்புத்தொகைக்கும் பணம் தாமதமாகத்தான் வந்து சேரும். அவை வந்துவிட்டால் செயலியிலிருந்து கார்டுகளை நீக்கிவிட்டு, வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையவழிப் பரிமாற்றத்தை மறுபடி அடைத்துவிடுங்கள்.