டீசல் இன்ஜினுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: போல்ட் சேர்ந்தால் மட்டும் போதாது

காட்பாடி பக்கம் ஒரு பட்டறையில் பழைய வெளிநாட்டு பிக்கப் ஒன்று நின்றிருந்தது. அதன் பெட்ரோல் இன்ஜின் போய், நம்மூர் டீசல் இன்ஜின் ஏறியிருந்தது. கியர்பாக்ஸ் மட்டும் வண்டியோடு வந்த அதே ஆட்டோமேட்டிக். கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு உதை. அதுவும் தாமதமாகத்தான் மாறும். இரண்டு முறை கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். உள்ளே ஒரு குறையும் இல்லை. நான் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்ன தகர டப்பா கண்ணில் பட்டது. அதன் மூக்கில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய். குழாயின் வாயில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி அடைத்திருந்தார்கள்.

அந்த டப்பாதான் வேக்கம் மாடுலேட்டர். ஜெனரல் மோட்டார்ஸின் டிஎச் 350, டிஎச் 400, ஃபோர்டின் சி6 போன்ற பழைய கியர்பாக்ஸ்களில் இது இருக்கும். பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டில், அதாவது காற்று உள்ளே போகும் குழாயில், ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது வேக்கம் (உறிஞ்சும் இழுவை) அதிகம், மிதிக்க மிதிக்கக் குறையும். அதை வைத்துத்தான் இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று கியர்பாக்ஸுக்குத் தெரிகிறது. அதற்கேற்ப உள்ளே ஆயில் அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. பழைய டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் த்ராட்டில் கிடையாது, அதனால் அந்த வேக்கமும் கிடையாது. குழாயை அடைத்துவிட்டால், எந்நேரமும் முழு ஆக்சிலேட்டர் என்று நினைத்து முழு அழுத்தத்தில் உதைக்கும்.

சரி, ஆல்டர்னேட்டரில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு குழாய் இழுத்துவிடலாம் என்று தோன்றும். இந்தத் தவறு முதல் தவறைவிட மோசம். பம்ப் எந்நேரமும் முழு வேக்கம் கொடுக்கும். வண்டி சும்மா உருள்கிறது என்று எண்ணி கியர்பாக்ஸ் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஓட்ட வெண்ணெய் மாதிரி இருக்கும், ஓனருக்கும் சந்தோஷம். அப்புறம் பாரத்தோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகும். 1980-களில் டீசல் இன்ஜினோடு இதே கியர்பாக்ஸ்களைக் கொடுத்த அமெரிக்கக் கம்பெனிகள், டீசல் பம்பின் லீவரோடு ஒரு வேக்கம் ரெகுலேட்டர் வால்வைச் சேர்த்தார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேக்கம் குறையும். அந்த வால்வு இல்லாமல் இந்த ஜோடியைச் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

700ஆர்4 மாதிரி கியர்பாக்ஸில் டப்பாவுக்குப் பதில் டிவி கேபிள், அதாவது ஆக்சிலேட்டரோடு சேர்ந்து இழுபடும் த்ராட்டில் வால்வு கேபிள். அதை ஏனோதானோ என்று மாட்டினால் சில கிலோமீட்டரிலேயே கிளட்ச் போய்விடும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது கேபிளும் முழுக்க இழுபட வேண்டும். உள்ளே ஒருவர் மிதிக்க, பானெட் பக்கம் ஒருவர் நின்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது கவர்னர், வண்டியின் வேகத்தைப் பார்த்து கியரை மாற்றவைக்கும் பாகம். பெட்ரோல் இன்ஜின் 4500 ஆர்பிஎம் போகும் என்று கணக்குப் போட்டு அதன் எடையும் ஸ்பிரிங்கும் அமைந்திருக்கும். நம் பழைய டீசல் 3000-ஐத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். முழு ஆக்சிலேட்டரில் போனால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறவே மாறாது. கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றுவார்கள். மாற்ற வேண்டியது கவர்னர் எடையையும் ஸ்பிரிங்கையும்தான். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் அப்படியே: பெட்ரோலுக்கானதை அப்படியே மாட்டினால், டீசல் பாரம் இழுக்கும் ஆர்பிஎம்மில் அது பாதி வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கலெல்லாம் சூடாகத்தான் மாறும்.

கன்வெர்ட்டரைப் பொருத்தும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். அதைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் 'டொக்' என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். கடைசி டொக் கியர்பாக்ஸின் ஆயில் பம்பின் பல்லில் உட்காருவது. அதற்கு முன்பே பெல் ஹவுசிங்கை (கியர்பாக்ஸின் மணி வடிவ முன் கூட்டை) இன்ஜினோடு வைத்து போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் உடையும். கையால் தள்ளியே ஹவுசிங் இன்ஜினோடு ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (கிராங்கில் மாட்டிய, கன்வெர்ட்டரைச் சுற்றும் மெல்லிய தட்டு) அதற்கும் நடுவே பழைய அமெரிக்க கியர்பாக்ஸ்களில் 3 முதல் 5 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் என்றால் டயல் கேஜ் வைத்து மையம் பாருங்கள். கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் முன் சீலும் புஷ்ஷும் திரும்பத் திரும்பப் போகும். கிராங்க் முனையில் கன்வெர்ட்டர் மூக்கு உட்காரும் குழி பெரிதாக இருந்தால் அதற்கும் ஒரு ரிங் கடைய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் என்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கூலர் விஷயத்தில் நம் ஊர் வெயில் மன்னிக்காது. மேனுவல் வண்டியின் ரேடியேட்டரில் கியர் ஆயிலுக்கான அறை இருக்காது. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஃபேனுக்கு எதிரே தனி கூலர் இல்லாமல் பக்கத்திலிருக்கும் பள்ளிகொண்டா வரைகூட நிம்மதியாகப் போக முடியாது. ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, சூடான பிறகு பாருங்கள். நிறம் பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வரும். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றிய பிறகே சாலையில் இறக்குங்கள். இல்லாவிட்டால் விபத்து நேரும்போது இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

வழியில் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, உள்ளே சுற்றும் பாகங்களுக்கு ஆயில் போகாது. பின்சக்கர வண்டி என்றால் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள்.