மீன் தொட்டிச் செடிகளுக்கு ஜல்லி வாங்கும் முன் வினிகரில் போட்டுப் பாருங்கள்

அக்வாபோனிக்ஸ் (மீன் வளரும் தண்ணீரைக் கொண்டே கல் நிரப்பிய தொட்டியில் செடி வளர்ப்பது) தொட்டிக்கு ஜல்லியோ கூழாங்கல்லோ மொத்தமாக வாங்கும் முன், ஒரு கைப்பிடியைத் தூசி போகக் கழுவி, கண்ணாடி டம்ளரில் வினிகர் ஊற்றிப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த கல்லிலிருந்து முதலில் நாலைந்து காற்றுக் குமிழ் வரும், அது சாதாரணம்தான். ஒரு நிமிடம் கழித்தும் கல்லின் மேல் சோடா மாதிரிப் பொடிப்பொடியாக நுரைத்துக்கொண்டே இருந்தால் அது சுண்ணாம்புக்கல், வேண்டாம்.

சுண்ணாம்பு தண்ணீரில் மெல்லக் கரைந்து பிஹெச் அளவை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.5, 8 என்று ஏற்றிவிடும். அப்போது தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை வெளுத்துப்போகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் மீன்களுக்குக் கூடுதல் விஷமாகும். இரண்டு டிரம் நிறையக் கல்லைக் கொட்டிய பிறகு அதை அள்ளி மாற்றுவது பெரும்பாடு! கருங்கல் ஜல்லி பெரும்பாலும் நுரைக்காது. ஆற்றுக் கூழாங்கல்லில் சிப்பியும் சுண்ணாம்பும் கலந்திருக்கலாம்.

சுட்ட களிமண் உருண்டை போடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அப்புறம், பல மாதம் ஓடிய தொட்டியில் பிஹெச் 6-க்குக் கீழே இறங்கினால், இதே சுண்ணாம்புக்கல்லை ஒரு சின்னத் துணிப்பையில் கட்டித் தொங்கவிடலாம்.