அரை இன்ச்சில் போன பட்டு: குழந்தைக் கவுன் தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூல் அறுந்துபோவது, ஊசி ஒடிவது, பாபின் காலியானது தெரியாமல் ஒரு முழம் ஓட்டிவிடுவது எல்லாம் யாரும் சொல்லாமலே இரண்டு நாளில் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். என்னிடம் தைக்கப் பழக வருபவர்கள் நான் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் பொறுக்க முடியவில்லை.

வயதை நம்புவது

பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட உதவும் அளவுத் தாள், வரும் உறையில் ‘4 வயது’ என்றிருப்பது யாரோ ஒரு குழந்தையின் நான்கு வயது. மார்புச் சுற்றளவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நீளம் போதாவிட்டால் பாவாடைப் பகுதியை நீட்டுவது பத்து நிமிட வேலை. தோளைச் சரிசெய்ய உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும்.

தையல் ஓரம் பேட்டர்னில் சேர்ந்திருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கத்தரிக்கோலை எடுப்பவர்களைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. போன மாதம்கூட ஒருவர் வெட்டி முடித்த பிறகு வந்து கேட்டார்.

அமெரிக்கக் கடைப் பேட்டர்ன்களில் தையலுக்கான ஓரம் (தைத்த பின் உள்ளே போய்விடும் துணி), வழக்கமாக 1.5 செ.மீ., உள்ளேயே சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் பர்டா இதழிலும் ஜப்பானியத் தையல் புத்தகங்களிலும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. நம் ஊரில் கைமாறி வரும் பழுப்புத் தாள் பேட்டர்ன்களில் எது என்று யாரும் எழுதி வைப்பதே இல்லை.

அக்கா மகளின் நான்காவது பிறந்தநாளுக்குப் பட்டுக் கவுன் தைக்க, எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அம்மாளிடம் அப்படியொரு தாளை வாங்கினேன். அவர் துணியில் தாளை வைத்து, சாக்கால் அரை இன்ச் தள்ளிக் கோடு போட்ட பிறகே வெட்டுவார். அது எனக்குத் தெரியாது. தாளின் விளிம்பை ஒட்டியே வெட்டினேன்.

கணக்கைப் பாருங்கள். குழந்தையின் மார்பு 22 இன்ச். தளர்ச்சி 3 சேர்த்துக் கவுன் 25 வர வேண்டும். இரண்டு பக்கத் தையல்களிலும் சேர்த்து நான்கு விளிம்பு, முதுகுத் திறப்பில் இரண்டு. ஆறு அரை இன்ச், மொத்தம் 3. கவுன் சரியாக 22 வந்து நின்றது. கொக்கி மாட்டியது, குழந்தை மூச்சை இழுத்ததும் தெறித்தது. மார்பில் இப்படி இறுக, கழுத்தோ எதிர்மாறாக அகன்று தோளிலிருந்து நழுவியது. கழுத்து வளைவில் ஓரம் விடாமல் வெட்டி உள்ளே தைத்தால் துளை பெரிதாகத்தானே செய்யும்!

மீதித் துணியும் இல்லை. இரண்டு பக்கமும் வேறு துணியில் பட்டை வைத்து ஒட்டுப்போட்டேன். அன்றைய புகைப்படங்கள் எல்லாவற்றிலும் குழந்தை கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும். அக்கா அப்படி நிற்கச் சொல்லியிருந்தாள்.

எழுதாத தாளையும் கண்டுபிடித்துவிடலாம். தாளில் முன்பக்கத்தில் பாதியும் பின்பக்கத்தில் பாதியும்தான் இருக்கும். அந்த இரண்டின் மார்பு அகலத்தையும் டேப்பால் அளந்து கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். மேலே சொன்ன கவுனுக்கு 25 வந்தால் ஓரம் சேரவில்லை, 28 வந்தால் சேர்ந்திருக்கிறது. தெரிந்த கையோடு தாளின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், அழிந்துபோகும்.

தலையை மறப்பது

ஒரு வயதில் குழந்தையின் தலையும் மார்பும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு, சுமார் 18 இன்ச். அழகான சின்னக் கழுத்து வைத்தால் முதுகில் திறப்பும் வையுங்கள். இல்லாவிட்டால் கவுன் காதோடு நின்றுவிடும்.

மயில் தலைகீழாக

துணியில் மயிலோ யானையோ இருந்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில். துணி சற்று அதிகம் பிடிக்கும், வேறு வழி இல்லை.

கழுத்துப் பட்டி

கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, வெட்டிய துண்டு மட்டும். நேர்த்துண்டு வளைவில் படியாது.

லைனிங்

வெட்டும் முன் நனைத்தீர்களா? நனையுங்கள், இல்லாவிட்டால் துவைத்த பிறகு சுருங்கும்.

கீழ் மடிப்பு

4 இன்ச் உள்ளே மடித்துக் கைத்தையல் போட்டால், அடுத்த ஆண்டு பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டுக் கவுனில் இதை மட்டும் சரியாகச் செய்திருந்தேன். மார்பு பற்றாத கவுனில் நீளம் மூன்று தீபாவளிக்குத் தாங்கும்படி இருந்தது.